ஊதா பேசில்: அறிகுறியைப் பார்த்துக் குறையைத் தீர்ப்பது எப்படி

சென்னையில் மொட்டைமாடியில் ஏழு ஆண்டுகளாக ஊதா பேசில் என்னும் சமையல் மூலிகையை வளர்க்கிறேன். நாற்று வாங்கிச் சென்ற நண்பர்கள் திரும்பி வந்து கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான். பச்சைச் செடியைப் பார்த்துப் பழகிய கண்ணால் இந்தச் செடியைப் பார்க்கிறோம். கத்திரிக்குச் சத்து குறைந்தால் இலை மஞ்சளாகிறது, நமக்கு உடனே புரிகிறது. ஊதா இலையில் அந்த மஞ்சள் வெளியே தெரிவதில்லை. மேலே ஊதா நிறமி திரைபோல் மூடியிருக்கிறது. சத்துக் குறைவும் பூஞ்சை நோயும் அந்தத் திரைக்குப் பின்னால் பத்து நாள் வளர்ந்த பிறகுதான் நம் கண்ணில் படுகின்றன.

ஆகவே என்ன அறிகுறி கண்டாலும் முதலில் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நுனிக் குருத்தைப் பாருங்கள். பிறகு ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நல்ல இலை சீரான அடர்சிவப்பாக ஒளிரும். நோயுற்ற இடம் வெளிறித் திட்டுத் திட்டாகத் தெரியும். கீழே வரும் ஒவ்வொரு பகுதியும் இந்த மூன்றையும் நீங்கள் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதப்பட்டது.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திக்கொள்வோம். இது கருந்துளசி அன்று. துளசியின் தண்டில் மெல்லிய மயிர் இருக்கும், இலை சொரசொரப்பாக இருக்கும். ஊதா பேசிலின் இலை வழவழப்பானது, பளபளப்பானது. நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையும் இதுவும் ஒரே இனம், அறிவியல் பெயர் ஆசிமம் பாசிலிக்கம். சப்ஜா விதை தருவதும் அதே இனம்தான். இந்த உறவு பின்னால் விதை சேமிக்கும் இடத்தில் முக்கியமாகும்.

விதை போட்டேன், முளைக்கவே இல்லை

முதலில் பொறுமை. பச்சை வகை நான்கைந்து நாளில் தலைகாட்டிவிடும். ஊதா வகைகள் பொதுவாக நிதானமானவை. ஒரு வாரம் ஆகும், சில விதைகள் பத்து நாள்கூட எடுத்துக்கொள்ளும்.

பத்து நாளைக் கடந்துவிட்டால், விதையை ஊறவைத்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். அவரையையும் பாகலையும் ஊறவைத்துப் போடும் பழக்கம் இங்கே கேடு செய்யும். சப்ஜா விதையைப் போலவே இதுவும் நீர் பட்ட சில நிமிடங்களில் வழவழப்பான உறை போர்த்திக்கொள்ளும். ஊறிய விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிரித்துப் போட முடியாது, ஆழத்தில் விழுந்தால் அழுகியும் விடும். உலர்ந்த விதையை ஈரமான தென்னை நார்க்கழிவின் மேல் தூவி, சலித்த மண்புழு உரத்தை அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக மேலே தூவினால் போதும்.

உறை வந்துவிட்டதே, விதைக்கு உயிர் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அந்த வழவழப்பு விதையின் மேல்தோலில் உள்ள பொருள் நீரை உறிஞ்சுவதால் வருவது. செத்த விதையும் அப்படியே உப்பும். பழைய பொட்டலமாக இருந்தால் பத்து விதைகளை ஈரத்தாளில் வைத்து மூடிப் பாருங்கள். பத்து நாளில் ஐந்துகூட முளைவிடவில்லை என்றால் புதிய விதை வாங்குவதே நல்லது.

விதையே காணவில்லை என்றால் எறும்பு. மாடித் தோட்டத்தில் இது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. குழித்தட்டை நான்கு சிறு கிண்ணங்களின் மேல் வைத்து, கிண்ணங்களில் நீர் ஊற்றி வையுங்கள்.

கடையில் வாங்கிய சப்ஜாவை விதைத்து ஊதாச் செடிக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. எல்லா விதையும் கருப்புதான், விதையைப் பார்த்து இலையின் நிறத்தைச் சொல்ல முடியாது. கடைச் சப்ஜாவில் பெரும்பாலும் பச்சைச் செடிதான் வரும்.

முளைத்த நாற்று ஒரே இரவில் சாய்ந்து கிடக்கிறது

நாற்றழுகல். பச்சை நாற்றில் தண்டின் அடி பழுப்பாவதைக் காணலாம். ஊதா நாற்றின் தண்டு பிறக்கும்போதே கருமையானது என்பதால் நிறத்தைத் தேடாதீர்கள், பருமனைப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூல்போல் இளைத்திருந்தால் அதுதான். சாய்ந்தது பிழைக்காது. அதையும் அதைச் சுற்றியுள்ள கலவையையும் எடுத்துவிட்டு, மீதியைக் காப்பாற்றப் பாருங்கள். தட்டை வெளிச்சமான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மேலிருந்து பூவாளியால் நீர் தெளிப்பதை நிறுத்தி, தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கரைத்து ஒருமுறை ஊற்றலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நாற்று விடுவதை நான் நிறுத்திவிட்டேன். தை மாதம் விதைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மழை மாதங்களில் செடி வேண்டுமானால் தண்டுக் குச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஊதா நிறம் பச்சையாக மாறுகிறது

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். இதற்கு ஆறு காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. அதனால் அவசரப்பட்டு உரம் போடுவதற்கு முன், பச்சை எங்கே தோன்றுகிறது, எப்போது தோன்றியது என்று பாருங்கள்.

பிறந்ததிலிருந்தே பச்சையா? ஒரு தட்டில் இருபது நாற்றில் இரண்டு மூன்று மட்டும் பச்சையாகவோ, ஊதாப் புள்ளி தெறித்தாற்போலவோ இருந்தால் அது மரபு. உங்கள் பராமரிப்பில் பிழை இல்லை. ஊதா பேசிலின் நிறம் மரபிலேயே சற்று நிலையில்லாதது. 1950களில் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1962-இல் புதிய தோட்ட வகைகளுக்கான ஆல்-அமெரிக்கா செலக்ஷன்ஸ் விருது பெற்ற டார்க் ஓபல் வகையிலேயே இப்படிப் பச்சை நாற்றுகள் வந்துகொண்டேயிருக்கும். பிறகு வந்த ரெட் ரூபின் அந்த டார்க் ஓபலிலிருந்து சீரான நிறத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. விதையிலைக்குப் பின் வரும் முதல் உண்மையிலைச் சோடி விரிந்ததும் நிறம் தெரிந்துவிடும். அப்போதே பிரித்து, பச்சையை வேறு தொட்டியில் வையுங்கள். அதுவும் உண்ணத்தக்க பேசில்தான், வீணாக்க வேண்டாம்.

ஒரே ஒரு கிளை மட்டும் பச்சையா? செடி முழுக்க ஊதாவாக இருந்து, ஒரு கணுவிலிருந்து பச்சைக் கிளை கிளம்பினால் அதை அடியோடு வெட்டுங்கள். தயங்க வேண்டாம். பச்சைக் கிளை வேகமாக வளரும், விட்டுவைத்தால் இரண்டு மாதத்தில் ஊதாப் பகுதியை நிழலில் தள்ளிவிடும்.

இனி, செடி முழுதும், குறிப்பாகப் புதிய இலைகள், பச்சையாக வருகின்றனவா? அப்படியானால் காரணம் நிழல், உரம், வெப்பம் இவற்றில் ஒன்று. பிரித்தறிவது கடினமன்று.

நிழல் என்றால் கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டிருக்கும், இலை மெலிந்திருக்கும், செடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இந்த நிறமி உருவாக வெளிச்சம் வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லாவிட்டால் செடி அதை உருவாக்கும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. பால்கனியில் வைத்து நிறம் வரவில்லை என்று வருந்துகிறவர்கள் பலர், தெற்கோ கிழக்கோ திறந்த பால்கனியாக இருந்தாலும் மேல்தளம் வெயிலை மறைத்துவிடுகிறது. செடியை வெயிலுக்கு நகர்த்துங்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. நிழலில் பழகிய இலை திடீர் வெயிலில் காகிதம்போல் கருகும். முதல் மூன்று நாள் காலை வெயில் மட்டும், பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். பழைய இலை முழுமையாக நிறம் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து விரியும் புதிய சோடியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உரம் என்றால் இலை பெரிதாகி, மென்மையாகி, நடுவில் உப்பியிருக்கும். தண்டு பருத்திருக்கும். கசக்கினால் மணம் குறைவாக இருக்கும். நான் இதை ஒரு மாதம் முழுக்கச் செய்திருக்கிறேன். கத்திரிக்கும் தக்காளிக்கும் வாராவாரம் கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றும்போது, பக்கத்தில் இருந்த ஆறு பேசில் தொட்டிகளுக்கும் ஒரு கை ஊற்றினேன். செடி செழித்தது. நிறமும் மணமும் போய்விட்டன. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் செடி வேகமாகப் பச்சையத்தைக் கட்டுகிறது, நிறமி பின்தங்கிவிடுகிறது. கரைசலை நிறுத்தி, ஒருமுறை நன்றாக நீர் ஊற்றி வடியவிட்டு, பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டேன். மூன்று வாரத்தில் வந்த கொழுந்து பழைய நிறத்தில் வந்தது. இப்போது மாதம் ஒருமுறை தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அவ்வளவே.

வெப்பம் என்றால் காலம் சொல்லிவிடும். கத்திரி வெயில் நாள்களில் முழு வெயிலில் நிற்கும் செடியும் பச்சை கலந்து வரும். இலை சிறுத்து, ஓரம் காய்ந்திருக்கும். வெப்பம் மிகும்போது இந்த நிறமி சேர்வது குறைகிறது. குளிர்ந்த இரவுகள் இருக்கும் மார்கழி, தை மாதங்களில் அதே செடி கருஞ்சிவப்பாக நிற்பதைப் பார்த்தால் வேறுபாடு புரியும். மே மாதத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மட்டும் நிழல் கிடைக்கும் இடம் போதும். நிழல்வலை கட்டினால் வெயிலில் 35 சதவீதத்தை மறைக்கும் வலை. 50 சதவீத வலை கட்டியவர்கள் வெப்பத்தைக் குறைத்து நிழல் நோயை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

செடியின் அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் மட்டும் பச்சையும் செம்பும் கலந்து மங்கினால் அது வயது. பறித்துச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

செடி வளராமல் அப்படியே நிற்கிறது

ஊதா வகைகள் பச்சையைவிட மெதுவாகத்தான் வளரும், விளைச்சலும் குறைவு. அதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு மாதமாக ஒரு சோடி இலைகூட விடவில்லை என்றால் சத்துக் குறைவைச் சந்தேகியுங்கள். மற்ற செடிகளில் இலை ஊதாவானால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று சொல்வோம், அந்தக் குறிப்பு இங்கே பயன்படாது. இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்பதும் இங்கே மறைந்துவிடும். அடியிலைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். குருத்திலை அடர்ந்தும் அடியிலை வெளிறியும் தெரிந்தால் தழைச்சத்து போதவில்லை. அப்போது மட்டும் பிண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு நீர் கலந்து ஒருமுறை கொடுங்கள்.

தொட்டியைச் சாய்த்து வேரையும் பாருங்கள். எட்டு அங்குலத் தொட்டியில் மூன்று நான்கு மாதம் நின்ற செடிக்கு வேர் சுற்றிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு அங்குல வளர்ப்புப் பைக்கு மாற்றினாலே செடி நகரும்.

செடி வாடித் தொங்குகிறது

எந்த நேரத்தில் வாடுகிறது? நண்பகலில் தொங்கி, மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது வெயிலுக்குச் செய்யும் தற்காப்பு. தண்ணீரை மேலும் மேலும் ஊற்ற வேண்டாம். சிமெண்டுத் தளத்தின் சூடு தொட்டியின் அடிக்கு ஏறாதபடி இரண்டு செங்கல் மேல் வையுங்கள், மேல்மண்ணில் காய்ந்த சருகு போடுங்கள்.

காலை ஆறு மணிக்கும் தொங்கிக் கிடந்தால் சிக்கல் வேரில். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் நீர். சேறாக இருந்தால் வடிகால் அடைத்திருக்கிறது. தொட்டியின் துளையில் குச்சியை விட்டுக் குடைந்து, மண் உலரும்வரை நீரை நிறுத்துங்கள்.

ஈரம் சரியாக இருந்தும் செடியின் ஒரு பக்கம் மட்டும் வாடுகிறது, நுனி வளைந்து கோணலாகிறது என்றால் அது பியூசேரியம் வாடல் நோயாக இருக்கலாம். அடித்தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள், உள்ளே பழுப்புக் கோடுகள் தெரியும். இதற்கு மருந்து தேட வேண்டாம். செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் சேர்த்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்த மண்ணில் மீண்டும் பேசிலையோ திருநீற்றுப்பச்சிலையையோ வைக்காதீர்கள். இந்தப் பூஞ்சை மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். அந்த மண்ணில் கீரை போடலாம், வெண்டை போடலாம்.

இலையின் அடியில் சாம்பல் தூசி

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பச்சை பேசிலில் அடிச்சாம்பல் நோய் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் திட்டாகத் தொடங்கும். பலர் அதையே சத்துக் குறைவு என்று எண்ணி ஏமாறுவார்கள். ஊதா இலையில் அந்த மஞ்சளும் தெரியாது. மேலே எல்லாம் நன்றாக இருப்பதுபோலிருக்கும், அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த தூசி படிந்திருக்கும். அது தூசியல்ல, நோயின் வித்துகள். 2001-இல் சுவிட்சர்லாந்திலும் 2007-இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் கண்டறியப்பட்ட பிறகு இந்நோய் பல நாடுகளின் பேசில் தோட்டங்களை அழித்தது. காற்றிலும் பரவும், விதையோடும் வரும்.

இரவு முழுக்க இலை ஈரமாக இருந்தால் இது பரவும். ஆகவே மாலையில் இலைமேல் நீர் தெளிப்பதை இன்றே விடுங்கள், காலையில் வேருக்கு மட்டும் ஊற்றுங்கள். நோய்கண்ட இலைகளைக் காற்றில் உதறாமல், ஒரு பையை மேலே கவிழ்த்து, பைக்குள்ளேயே கிள்ளி எடுங்கள். செடிகளுக்கு இடையே ஒரு அடிக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். பாதிச் செடிக்கு மேல் பரவியிருந்தால் நல்ல இலைகளைப் பறித்துக்கொண்டு செடியை அகற்றுவதே மற்றச் செடிகளுக்குச் செய்யும் உதவி.

இலையில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது

இங்கே மட்டும் ஊதா நிறம் நமக்கு உதவுகிறது. கரும்பின்னணியில் வெள்ளை நன்றாகத் தெரியும். ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள்.

பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு நசுங்கினால் மாவுப்பூச்சி. கணுக்களின் இடுக்கில்தான் முதலில் குடியேறும். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள், எறும்பு அவற்றைச் செடிவிட்டுச் செடி சுமந்து செல்லும். சிறு கூட்டமாக இருந்தால் பழைய பல் துலக்கும் தூரிகையில் சோப்பு நீர் தொட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பரவியிருந்தால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் சாய்ந்த பிறகு தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். பிறகு ஒரு வாரம் இலை பறிக்க வேண்டாம், கசப்பு தங்கியிருக்கும்.

விரல் பட்டதும் சிறு வெள்ளைப் பூச்சிகள் கூட்டமாகப் பறந்தால் வெள்ளை ஈ. மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள், மேலே சொன்ன வேப்பெண்ணெயை இலையின் அடியில் படும்படி தெளியுங்கள்.

சுண்ணாம்புபோல் உலர்ந்த வட்டங்களாக இருந்து, புளிப்பு நீரில் தேய்த்தால் போய்விட்டால் அது உங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு. செடிக்கு உடனே கேடு இல்லை. ஆனால் இலையின் ஓரமும் பழுப்பாகக் காய்ந்திருந்தால் மண்ணிலும் உப்பு ஏறிவிட்டது என்று பொருள். மாதம் ஒருமுறை மழைநீராலோ நல்ல நீராலோ தொட்டி நிறைய ஊற்றி அடியில் வழியவிடுங்கள். சென்னைக் கோடையில் நான் தொடர்ந்து பார்ப்பது இந்த ஓரக்கருகலைத்தான், பலர் அதை நோயென்று மருந்தடிக்கிறார்கள்.

இலை சுருண்டு, ஊசி குத்தினாற்போல் வெளிர்புள்ளிகள்

அடியில் தார் தெறித்தாற்போல் கரும்புள்ளிகளும், வலைபோன்ற சிறகுள்ள மிகச் சிறிய பூச்சிகளும் இருந்தால் அது துளசியைத் தாக்கும் சாறுறிஞ்சும் பூச்சி. பேசிலுக்கும் வரும். வீட்டில் துளசி மாடம் இருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்திருக்கும். இரண்டையும் ஒரே நாளில் கவனிக்காவிட்டால் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். இரண்டும் நாம் வாயில் போடும் இலைகள், ஆகவே கடை இரசாயனப் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம் என்பதில் எனக்கு உறுதி உண்டு. சுருண்ட நுனிகளை வெட்டியெறிந்து, ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை வேப்பெண்ணெய் தெளியுங்கள்.

கரும்புள்ளி இல்லாமல் மெல்லிய நூலாம்படை மட்டும் தெரிந்தால் சிலந்திப்பேன். வறண்ட கோடையில் வரும். காலையில் இலையின் அடியில் வேகமான நீர் பீய்ச்சினால் பெரும்பகுதி போய்விடும்.

இலையில் ஓட்டை என்றால், ஓட்டைக்கருகே பளபளக்கும் கோடு இருந்தால் நத்தை, கரும் எச்சம் இருந்தால் புழு. இரவு எட்டு மணிக்கு விளக்கோடு போய்க் கையால் பொறுக்குவதே தீர்வு.

கதிர் கதிராகப் பூத்துவிட்டது, இலை சிறுத்துவிட்டது

செடி ஒரு சாண் உயரம் வந்ததுமே நுனி கிள்ளத் தொடங்கியிருக்க வேண்டும். மூன்றாம் கணுவுக்கு மேல் கிள்ளினால் அங்கிருந்து இரண்டு கிளை வரும். பூத்த பிறகும் கதிரோடு இரண்டு கணு சேர்த்து வெட்டினால் செடி மீண்டும் தழையும். வழக்கமான வெட்டில் ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். ஊதா செடி மெதுவாக மீளும், பச்சைச் செடிக்கு இரண்டு வாரம் போதுமென்றால் இதற்கு மூன்று வாரம் கொடுங்கள். வெட்டிய இளஞ்சிவப்புப் பூக்களும் உண்ணத்தக்கவையே, தயிர்ப் பச்சடிமேல் தூவுங்கள்.

ஒரு செடியை மட்டும் பூக்கவிடுவது என் வழக்கம். கொசுத்தேனீக்கள் நாள் முழுக்க அதில் நிற்கும், பக்கத்துச் சுரைக்கும் பாகலுக்கும் அது நல்லது. ஆனால் அந்த விதையைச் சேமித்து விதைத்து, பாதி பச்சையாக வந்துவிட்டதே என்று வருந்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்: அருகில் திருநீற்றுப்பச்சிலையோ பச்சை பேசிலோ பூத்திருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். துளசியோடு இது எளிதில் கலப்பதில்லை.

நிறம் தவறாமல் வேண்டுமானால் விதையை விட்டுவிட்டுக் குச்சிக்கு வாருங்கள். உங்களிடம் உள்ள மிக அடர்ந்த நிறச் செடியிலிருந்து, பூக்காத கிளையின் நுனியை நான்கு விரற்கடை நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடியிலைகளைக் கிள்ளிவிட்டுக் கண்ணாடிக் குவளை நீரில் நிற்கவையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் வேர் விடும், ஓர் அங்குலம் வந்ததும் தொட்டிக்கு மாற்றலாம். என் மாடியில் இப்போது நிற்கும் செடிகள் எல்லாம் ஒரே தாய்ச்செடியின் குச்சிகள்.

பறித்த இலை மறுநாளே கறுத்துவிடுகிறது

குளிர்பதனப் பெட்டியில் வைத்தீர்கள். பேசில் வெப்பநாட்டுச் செடி, 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இலையின் திசு சிதையும். கொத்தமல்லிக்குப் பழகிய கை இதையும் உள்ளே வைத்துவிடுகிறது. ஊதா இலையில் கறுப்பு தொடங்குவது தெரியாது, தொட்டால் கொழகொழப்பதுதான் முதல் அடையாளம். காம்போடு வெட்டிக் குவளை நீரில் சமையல் மேடையில் வையுங்கள். நான்கைந்து நாள் தாங்கும், சில காம்புகள் அங்கேயே வேரும் விட்டுவிடும்.

சமைத்தால் நிறம் போய்விடுகிறது

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் இத்தனை பாடுபட்டு வளர்த்த நிறத்தை அடுப்பில் பத்து நிமிடத்தில் இழந்துவிடுகிறார்கள். இலையின் ஊதாவுக்குக் காரணமான அந்தோசயனின் நீரில் கரையும், சூட்டில் சிதையும். ரசத்தில் கொதிக்கவிட்டால் நிறம் கரைந்து போய், அடியில் இருந்த பச்சை மட்டும் அழுக்குப் பச்சையாக மிஞ்சும். ஆகவே இறக்கிய பிறகு கிள்ளிப் போடுங்கள், அல்லது சமைக்காமலே உண்ணுங்கள். ஈரானில் ஊதா பேசிலை வேகவைப்பதில்லை. முள்ளங்கி, வெங்காயத்தாள், பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு பச்சையாகத் தட்டில் வைத்து ரொட்டியோடு உண்கிறார்கள். நம் வீட்டில் வெள்ளரிப் பச்சடியும் தக்காளித் துண்டுகளும் அதே வேலையைச் செய்யும்.

தேங்காயோடு அரைத்த சட்னி சாம்பல் நிறமானால், அரைக்கும்போதே எலுமிச்சைச் சாறு சேர்க்கவில்லை என்று பொருள். இந்த நிறமி புளிப்பில் சிவக்கும், சோடா உப்பின் காரத்தன்மையில் நீலமும் பச்சையுமாக மாறும். சோடா உப்பு அருகிலேயே வரக்கூடாது. தேங்காயைக் குறைத்து நிலக்கடலை சேர்த்தால் நிறம் மங்கினாலும் பார்க்க நன்றாக இருக்கும். முழு நிறத்தையும் பிடித்துவைக்க வேண்டுமென்றால் வெள்ளை வினிகர்தான் வழி: கண்ணாடிப் புட்டியில் ஒரு பங்கு இலைக்கு இரண்டு பங்கு வினிகர் ஊற்றி, இருட்டான அலமாரியில் பத்து நாள். இலை வெளிறிவிடும், வினிகர் மாதுளை நிறமாகும்.

துருக்கியின் கிழக்குப் பகுதிகளில் இதே தன்மையை வைத்துத்தான் ரெய்ஹான் (ஊதா பேசில்) சர்பத் செய்கிறார்கள். இரண்டு கைப்பிடி இலைமேல் ஒரு லிட்டர் கொதிநீரை ஊற்றி மூடி வையுங்கள், அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டாம். ஆறியதும் வடிகட்டினால் மங்கிய பழுப்பூதாவாக, விருப்பமில்லாத நிறத்தில்தான் இருக்கும். பலர் இந்த இடத்தில் கொட்டிவிடுகிறார்கள். சர்க்கரையைக் கரைத்து ஒரு எலுமிச்சையைப் பிழியுங்கள், சாறு விழுந்த இடத்திலிருந்து செம்மை பரவி வரும்.

பிழிந்தும் வெளிர் ரோஜா நிறத்துக்கு மேல் ஏறவில்லை என்றால் இன்னும் எலுமிச்சை சேர்த்துப் பயனில்லை. இலையிலேயே நிறமி குறைவு. மாடிக்குப் போய், செடிக்கு ஆறு மணி நேர வெயில் கிடைக்கிறதா, போன மாதம் எத்தனை முறை பிண்ணாக்குக் கரைசல் ஊற்றினீர்கள் என்று பாருங்கள்.